மெமரி தின்ற முந்தி

கல்யாணப் பத்திரிகை வைக்க ஆரணிக்குப் போயிருந்தேன். தூரத்து உறவில் ஒரு மாமா, பட்டுத்தறிக்காரர். காபி வருவதற்குள் புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

''புது முந்தி டிசைன் போயிடுச்சு மாப்ளே. கம்ப்யூட்டர்ல மெமரி ஃபுல்லாம். ஃபைலை அதுவே தின்னுடுச்சுன்றான் டிசைன் போடுற பையன். திரும்பப் போட பதினஞ்சு நாளாம், அதுக்குத் தனியா காசாம். பாவு ஏத்தின தறி சும்மா நிக்குது.''

மெமரி எதையும் தின்னாது சார். போட்டோஷாப்புக்கு ராம் போதாவிட்டால் ஹார்டு டிஸ்க்கில் கடன் வாங்கி வேலை செய்யும். அந்த இடமும் தீர்ந்தால் 'ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்' என்று கையை விரிக்கும். கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு செய்த வேலை போகலாம். ஏற்கெனவே சேமித்த ஃபைலை அது தொடுவதில்லை. ஆக, பையன் நாள்கணக்கில் சேமிக்கவே இல்லை, அல்லது அவனே அழித்திருக்கிறான். தானாகவே பிரதி எடுத்து வைக்கும் வசதி 2012-ல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்தே இருக்கிறது. கடையில் ஓடுவது அதற்கும் முந்தைய திருட்டு சிடி!

அடுத்த கூத்தைக் கேளுங்கள். தொலைந்ததை மீட்கிறேன் என்று ஏதோ மென்பொருளை இறக்கி, அதே டிரைவில் ஏற்றியிருக்கிறார்கள். அழித்த ஃபைல் உடனே மறைவதில்லை. அதன் இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறெதையாவது எழுதினால்தான் போச்சு. இவர்கள் எழுதியே விட்டார்கள். எஸ்எஸ்டி என்றால் அந்த அவகாசமும் பெரும்பாலும் கிடைக்காது.

மாமா வீட்டுப் பரணில் அவருடைய அப்பா காலத்து ஜக்கார்டு அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. 1800-களின் தொடக்கத்தில் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜக்கார்டு உருவாக்கிய முறை. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. எலி கடித்தாலும் கிராஃப் தாளைப் பார்த்து மறுபடி துளை போடலாம். அந்தத் தாளும் பரணிலேயே இருக்கிறது. இப்போதோ தாளுக்குப் பதில் ஃபைல், அது டிசைன் கடையில். ஒரே கம்ப்யூட்டர், ஒரே பிரதி. பி.காம். படித்தவன் என்பதால் கேட்கிறேன்: காசு கொடுத்து வாங்கிய சொத்தை ரசீதுகூட இல்லாமல் அடுத்தவர் பீரோவில் வைப்பீர்களா?

''ஃபைலைக் கொடுத்தா வேற ஆள்கிட்ட மாத்திக்குவாங்க'' என்பது டிசைனர்களின் பயம். நியாயமான பயம்தான், அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. அப்படியென்றால் கூலியைக் கூட்டிக் கேளுங்கள். ஃபைலைப் பிணையாக வைக்காதீர்கள். 2000-ம் ஆண்டின் டிசைன் சட்டம், கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காகப் போட்ட டிசைனுக்கு உரிமையாளர் போடச் சொன்னவர்தான் என்கிறது. பதிவு செய்தால் 10 வருடம், புதுப்பித்தால் மேலும் 5 வருடம் பாதுகாப்பு. தறிக்காரர்களில் எத்தனை பேருக்கு இதை யார் சொன்னார்கள்?

லேயர்களோடு கூடிய மூல ஃபைல் ஒன்று, தறிக்கான ஃபைல் ஒன்று. இரண்டும் கைக்கு வந்த பிறகே மீதிக் காசு. சேமிக்கிற நொடியில் கரன்ட் போனால் ஃபைல் கெடலாம். அதற்கும் மருந்து இன்னொரு பிரதிதான். இதைத்தான் மாமாவிடம் சொன்னேன்.

பத்திரிகையை வாங்கி சாமி படத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பினார். ''பென் டிரைவ் என்ன விலை மாப்ளே?''