எண்ணைப் பார்க்காதீர்கள், காலைக் கேளுங்கள்!



பள்ளியில் விளையாட்டு விழா நெருங்கினால் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "அப்பா, ஓட்டப் பந்தயத்துக்கு ஷூ வேணும்!"

கணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி வேலூர் கடைவீதிக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டு ஜோடிகளை எடுத்து வைக்கிறார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெயர். இரண்டுமே எடை குறைந்த ஓட்ட ஷூக்கள். ஆனால் ஒன்றில் பெயருக்குப் பக்கத்தில் 3 என்று இருக்கிறது. அது போன வருடம் வந்தது, தள்ளுபடி உண்டு. மற்றதில் 4 என்று இருக்கிறது. அது இந்த வருடம் வந்தது, தள்ளுபடி கிடையாது. எதை வாங்குவீர்கள்?

உங்களில் பலர் 4-ஐத்தான் காட்டுவீர்கள். மூன்றாம் வகுப்பைவிட நான்காம் வகுப்பு பெரியது என்பது உங்கள் கணக்கு! ஷூவுக்கு அது பொருந்தாது. அதை எத்தனையாவது தடவை மாற்றிச் செய்தார்கள் என்பதற்கான அடையாளம்தான் அந்த எண்.

"சார், புதுசு எடை கம்மி!" என்பீர்கள். பெரும்பாலும் பத்து, இருபது கிராம்தான் வித்தியாசம் இருக்கும். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால், ஓடச் செலவாகும் சக்தி சுமார் 1 சதவீதம் கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் 10 கிராமுக்கு எவ்வளவு? ஆயிரத்தில் ஒரு பங்கு! விசில் ஊதியதும் கிளம்பாமல் பக்கத்தில் வேடிக்கை பார்த்தால் இதைவிட அதிகம் போய்விடும்.

எடையைக் குறைக்க எங்கேயாவது கை வைத்துத்தானே ஆக வேண்டும்? சில ஷூக்களில் அடிப்பக்க ரப்பரைக் குறைத்து, நுரையை வெளியே தெரிய விட்டுவிடுவார்கள். வழவழப்பான தரையில் அது சரி. ஜவ்வாது மலை அடிவாரத்துக் கல்லிலும் சரளையிலும் வெறும் நுரை சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆகவே ஷூவைத் திருப்பி, அடிப்பக்கத்தை அவசியம் பாருங்கள்.

இன்னொரு விஷயம். கால் வடிவத்தில் உள்ள ஓர் அச்சை வைத்துத்தான் ஷூவுக்கு வடிவம் கொடுக்கிறார்கள். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனியில் வேலை செய்யும் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அச்சு மாறினால், அதே பெயர், அதே சைஸ் என்றாலும் விரல் பக்கம் இறுக்கமாகலாம், குதிகால் பக்கம் தளர்ந்து போகலாம். அதனால் பழைய சைஸை நம்பி, போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

எத்தியோப்பியா நாட்டின் அபேபே பிகிலாவைத் தெரியுமா? 1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட வந்தவர். அங்கே கிடைத்த ஷூ அவர் காலுக்குச் சரிப்படவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதால், ஷூவே வேண்டாம் என்று 42 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார்! நேரம் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. 1964-ல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடினார். அங்கும் தங்கம்தான்! இரண்டு தடவையும் அவர் தன் கால் சொன்னதைக் கேட்டார். அதற்காகப் பழக்கமில்லாதவர்கள் வெறுங்காலில் ஓடிக் காலைப் புண்ணாக்கிக் கொள்ள வேண்டாம்.

சரி, கடையில் என்ன செய்ய வேண்டும்?

மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்தால் கால் சற்று வீங்கியிருக்கும். சாக்ஸ் அணிந்து, இரண்டு கால்களிலும் ஷூவைப் போட்டு எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கட்டும். நடக்கும்போது குதிகால் வழுக்கக் கூடாது. ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் அல்ல.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "வளர்ற பிள்ளை" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். தடுக்கி விழுந்தால் மிச்சம் பிடித்த பணம் மருந்துக்குப் போய்விடும்.

இரண்டு ஷூவும் சரியாக இருந்தால், என் ஓட்டு தள்ளுபடிக்குத்தான். மிச்சப் பணத்தில் இரண்டு ஜோடி சாக்ஸ் வாங்கலாம். தள்ளுபடி ஷூ கடித்தால் அதை வாங்காதீர்கள். புதியதுதான் பொருந்துகிறது, ஆனால் விலை அதிகம் என்றால்? அந்தப் பணத்துக்கு அப்பாவும் அம்மாவும் எத்தனை நாள் கூலிக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். காலுக்குப் பொருந்தும் சாதாரண ஷூ வேறு கம்பெனியிலும் கிடைக்கும்.

மைதானத்தில் உங்கள் பக்கத்தில் பழைய ஷூவோடு ஒரு தோழன் நிற்கலாம். ஷூவே இல்லாமலும் நிற்கலாம். அவனைக் கேலி செய்யாதீர்கள். பந்தயம் கால்களுக்குத்தான், ஷூக்களுக்கு அல்ல!

என்ன, ஓடத் தயாரா?