எச்சில் பட்ட இழை

பம்பாய் ஆலைகளின் வரலாறு எப்போதும் ஒரே விதமாகவே சொல்லப்படுகிறது. 1854இல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் நூற்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 1856இல் தார்தேவில் அவருடைய நீராவி ஆலை ஓடத் தொடங்கியது. அத்துடன் பழைய இந்தியா கரையத் தொடங்கியது. முதலிரண்டும் உண்மை. மூன்றாவது, ஆராயப்படாமல் கைமாறிவரும் நம்பிக்கை.

அதற்குப் பெரியவர்களின் துணையும் உண்டு. தாவர் நிறுவனத்துக்கு ஓராண்டு முன், 1853இல், இந்தியா குறித்து எழுதிய கார்ல் மார்க்ஸ், இருப்புப்பாதையைத் தொடர்ந்து வரும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். ஆலை முதலாளிகளைப் போற்றும் வரலாறும் தொழிலாளர் ஒற்றுமையைப் போற்றும் வரலாறும் வேறெதில் முரண்பட்டாலும் இதில் கைகோக்கின்றன: எந்திரத்துக்குச் சாதி தெரியாதாம்.

எந்திரத்துக்குத் தெரியாதுதான். அதன் முன் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நெசவுப் பிரிவில், நாடாவுக்குள் இருக்கும் தார் தீர்ந்ததும் புதுத் தாரை இட்டு, நூல்முனையை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி வெளியே எடுப்பார்கள். தலித் ஒருவரின் எச்சில் பட்ட இழையைத் தொட மாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். கூடுதல் கூலி தந்த நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு மூடப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவே அவர்களுக்கு எஞ்சியது. அவர்கள் நூற்ற நூல் நெசவுக் கூடத்துக்குள் தடையின்றிச் சென்றது. நூற்றவர்கள் வாசலில் நிறுத்தப்பட்டனர்.

1928இல் மாதக்கணக்கில் நீண்ட பொது வேலைநிறுத்தத்தின்போது இவ்விலக்கை நீக்குமாறு அம்பேத்கர் வலியுறுத்தினார். அப்போது தாவரின் ஆலை ஓடத் தொடங்கி 72 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை நீராவியும் கரைக்கவில்லை, பின்னர் வந்த மின்சாரமும் கரைக்கவில்லை. ஒரு மனிதர் அதைக் கோரிக்கையாக்க வேண்டியிருந்தது.

ஆலையின் ரொக்கக் கூலி கிராமத்து அடிமை ஊழியத்திலிருந்து வெளியேற வழி தந்ததே என்று கேட்கலாம். தந்தது. அவ்வழியே வந்தவர்களை ஆலைக்குள் எந்த வாசல்வரை விட்டார்கள் என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான். முதற்பாதியை மட்டும் சொல்வது வரலாறன்று, விளம்பரம்.

பழைய நீராவி எந்திரங்களை அருங்காட்சியகத்தில் வைக்க விரும்புவோர் தாராளமாக வைக்கட்டும். அதன் அருகே ஒரு நாடாவையும் வைக்கட்டும். அதை யார் உறிஞ்சலாம், யார் உறிஞ்சக் கூடாது என்று விதிக்கப்பட்டிருந்ததையும் கீழே எழுதி வைக்கட்டும்.