மௌனம் இருவகை



நாட்காட்டியின் தாளை நாள்தோறும் கிழிக்கிறோம். அதன் அடியில் அச்சிட்டிருக்கும் பொன்மொழியைப் படித்து, "எவ்வளவு உண்மை!" என்று தலையசைக்கிறோம். மறுநாள் தாள் குப்பைக்குப் போகிறது. பொன்மொழியும் உடன் போகிறது. பொன்மொழிகளுக்குப் பஞ்சமில்லை. அவை தமக்கே சொல்லப்பட்டவை என்று எடுத்துக்கொள்வோருக்குத்தான் பஞ்சம்.

பாரசீகப் பேரறிஞர் ஷைகு ஸஅதி 'குலிஸ்தான்' என்னும் நூலை 1258-இல் எழுதி முடித்தார். மங்கோலியப் படைகள் பக்தாதைச் சூறையாடிய ஆண்டும் அதுவே. பேரரசுகள் சரிந்துகொண்டிருந்த அக்காலத்தில் அவர் எதைப் பற்றி எழுதினார்? அரசர்களின் இயல்பு, போதுமென்ற மனம், இளமை, முதுமை, கல்வி, பழகும் முறை என எட்டு அதிகாரங்களில் மனிதனின் குணத்தையும் நடத்தையையும் பற்றி எழுதினார். கோட்டையைக் காப்பது எல்லார் கையிலும் இல்லை. நாவைக் காப்பது அவரவர் கையில் இருக்கிறதல்லவா? நான்காம் அதிகாரம் முழுவதையும் மௌனத்தின் பயன்களுக்கே ஒதுக்கினார்.

அதைப் படித்தபோது எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்தது. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வாப்பாவின் மறைவுக்குப் பின் வீட்டைப் பாகம் பிரித்த நாளில், கொல்லைப்புறத்து நாலு முழ இடத்துக்காகத் தம்பியைச் சுடுசொல்லால் சுட்டேன். அன்றிலிருந்து ஒன்பது ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. பெருநாள் தொழுகைக்கு ஒரே பள்ளிவாசலில் நின்றோம். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியேறினோம். 'நான்தான் சண்டைக்குப் போவதில்லையே' என்று, அந்த மௌனத்தையும் நற்குணமாகவே எண்ணியிருந்தேன்.

முன்னுரைகளைத் தாண்டிச் செல்வது என் வழக்கம். அன்று ஏனோ திரும்பிப் போய்ப் படித்தேன். வீணாய்ப் போன வாழ்நாளை எண்ணி வருந்திய ஸஅதி, இனிப் பேசுவதில்லை என்று ஒதுங்கியிருக்கிறார். பழைய நண்பர் ஒருவர் வந்து, அவர் வாய் திறக்காதவரை நகர்வதில்லை என்று அமர்ந்துவிடுகிறார். நண்பரின் மனத்தை நோகச் செய்வதைவிடத் தம் உறுதியைக் கைவிடுவதே மேல் என்று ஸஅதி பேசுகிறார். பின்னர் இருவரும் ஒரு தோட்டத்தில் தங்குகிறார்கள். அங்கே மலர்களைத் திரட்டிய நண்பரிடம், வாடாத மலர்த்தோட்டமாக ஒரு நூல் தருவதாக வாக்களிக்கிறார். அதுவே குலிஸ்தான். மௌனத்தைப் புகழும் நூல், மௌனம் கலைந்ததால் பிறந்தது!

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கோபம் எழும்போது நாவை அடக்கும் மௌனம் ஒன்று. கோபம் தணிந்த பின்னும் பேசாதிருக்கும் மௌனம் மற்றொன்று. முன்னது பொறுமை, பின்னது பொறுமையின் போர்வை போர்த்திய ஆணவம். வாய் மூட வேண்டிய நாளில் பேசினேன். பேச வேண்டிய நாட்களில் வாய் மூடியிருந்தேன். மூன்று நாளுக்கு மேல் பகைத்திருத்தல் ஆகாது என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததனால் என்ன பயன்?

அன்று மாலை தம்பி வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். பதில் வரச் சற்று நேரமாயிற்று; ஆனால் வந்தது. "உள்ளே வாங்க, காக்கா" என்றான். அந்த நாலு முழ இடத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

வாசகர்களே! நாளையும் உங்கள் நாட்காட்டியில் ஒரு பொன்மொழி இருக்கும். தாளைக் கிழிக்குமுன் உங்களையே கேட்டுப் பாருங்கள்: ஸலாமைக் கடன் வைத்திருப்பது யாருக்கு?