கண்களை மட்டும் காட்டி

இந்த இதழில் ஒரு குரங்குப் படத்தைப் பற்றித் தலையங்கம் என்றதும் வங்கியில் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். "வேற விஷயமே கிடைக்கலையா?" கிடைக்காமல் இல்லை தோழர்களே.

'கான்க்வெஸ்ட் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ்', 1972. வரிசையில் நான்காவது படம், கதை நடப்பது 1991இல். கொள்ளைநோயில் நாயும் பூனையும் செத்துப்போக, வளர்ப்புக்கு என்று குரங்குகளைக் கொண்டுவருகிறார்கள். கொஞ்ச நாளில் அவை கூட்டுகின்றன, துடைக்கின்றன, பரிமாறுகின்றன. அப்புறம் ஏலம், அடி, பழக்கும் கூடம். 'நோ' என்ற சொல் காதில் விழுந்தாலே நடுங்க வேண்டும். பேசத் தெரிந்த சீசர் ஊமைபோல் அடங்கியிருந்து, ஆள் சேர்த்து, நகரத்தைக் கொளுத்துகிறான். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பர்கள் எழுந்தார்களே, 34 பேர் செத்தார்களே, அதை மனதில் வைத்தே இயக்குநர் ஜே. லீ தாம்சன் கலகக் காட்சிகளை எடுத்தார்.

கறுப்பரின் கலகத்தைச் சொல்ல எதுக்குக் குரங்கு? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 1906இல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரை ஒராங்உட்டானோடு கூண்டில் நிறுத்திக் காட்டினார்கள். 1916இல் அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தார். பழைய கதை என்று தள்ள வேண்டாம். 1991 மார்ச்சில், ஆமாம், படத்தில் வரும் அதே 1991இல், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் ராட்னி கிங்கை அடித்து நொறுக்கியது. அடித்தவர்களில் ஒருவன் அன்றிரவு அதற்குச் சற்று முன்னால், ஒரு கறுப்பர் வீட்டுச் சண்டையைக் கொரில்லாப் படத்தோடு ஒப்பிட்டு, ரோந்து வண்டிக் கணினியில் கேலிச் செய்தி அனுப்பியிருந்தான். (மூல நாவலை 1963இல் எழுதிய பியர் பூல், பிரிட்டிஷ் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய சனம் யாரென்று நமக்குத் தெரியும்.)

படத்தில் ஒரு கறுப்பரும் இருக்கிறார். மெக்டொனால்ட், ஆளுநரின் உதவியாளர். அடிமைகளின் வழிவந்தவர். மின்சாரம் பாய்ச்சிச் சீசரைக் கொல்லப் போகையில் ரகசியமாக இணைப்பைத் துண்டிப்பவர் அவர்தான். ஆனால் தெருவில் தீ எரியும்போது, கருணை காட்டு என்று சீசரிடம் கெஞ்சுபவரும் அவரே. பதவியில் இருக்கிற நம்மாளு எவராவது ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. நானும் மாதச் சம்பளக்காரன்தான்.

முதலில் எடுத்த முடிவில் கருணை கிடையாது. கொரில்லாக்கள் ஆளுநரை அடித்தே கொல்கின்றன. முன்னோட்டத்தில் பார்த்தவர்கள் அரண்டுபோனார்கள், கம்பெனி பயந்தது. திரும்ப எடுக்கவில்லை. எடுத்த படத்தையே வெட்டி ஒட்டி, சீசரின் கண்களை மட்டும் பெரிதாகக் காட்டி, சாந்தமான பேச்சு ஒன்றை ஒலிப்பதிவு செய்து மேலே ஏற்றினார்கள். வாய் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா?

இன்னொன்றும் செய்தார்கள். முந்தைய படத்தில், 1971இல், ஒரு கதை சொல்லப்படுகிறது: அடிமைக் குரங்கு எசமானனிடம் முதன்முதலாகப் பேசிய சொல் 'நோ'. எத்தனையோ முறை தன்மேல் வீசப்பட்ட சொல்லை அது திருப்பி வீசியது. திருத்திய முடிவில் லிசா என்ற பெண் சிம்பன்ஸி முதன்முதலாக வாய் திறந்து அதே 'நோ'வைச் சொல்கிறாள். எசமானனிடம் அல்ல, ஓங்கிய கைகளைப் பார்த்து. கலகக்காரனின் சொல்லையே பிடுங்கி அவன் வாயை அடைப்பது இப்படித்தான்.

வெட்டாத வடிவம் 2008இல் வட்டாக வெளிவந்துவிட்டது. வாசகர் வட்டங்களில் திரையிடும் தோழர்கள் இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். முதலில் வெட்டாததை.