சாவி போடத் தெரியும், மாத்தத் தெரியுமா?

நெட்வொர்க் லேப்ல ஓ.எஸ்.பி.எஃப். அத்தென்டிகேஷன் எக்ஸ்பெரிமென்ட் நாம எல்லாரும் செஞ்சதுதான். ரெண்டு ரூட்டர், ரெண்டுலயும் ஒரே சாவி. நேபர் ஸ்டேட் 'ஃபுல்' என்று வந்ததும் அவுட்புட்டைக் காட்டி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவோம். போன செமஸ்டரில் ஒரு நாள் நேரம் மிச்சம் இருந்தது. நானும் என் லேப் பார்ட்னரும் அந்தச் சாவியை மாற்றிப் பார்க்கலாம் என்று இறங்கினோம். ஒரு ரூட்டரில் பழையதை அழித்துப் புதியதைப் போட்டேன். கன்சோல் கேபிளைக் கழற்றி அடுத்த ரூட்டரில் மாட்டுவதற்குள், "மக்கா, நேபர் போச்சு கேட்டியா" என்றான்.

காரணம் எளிது. ஈதர்நெட்டில் ஹலோ பாக்கெட் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை போகும். சாவி பொருந்தாத பாக்கெட்டை எதிர் ரூட்டர் தூக்கிப் போட்டுவிடும். 40 விநாடி வரை நல்ல ஹலோ ஒன்றும் வராவிட்டால் பக்கத்து ரூட்டர் செத்ததாக முடிவு கட்டிவிடும். லேப்ல இது சிரிப்பு. ஒரு ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் நடந்தால்? அதே லிங்க் வழியாக வெளியூரிலிருந்து லாகின் செய்து மாற்றியிருந்தால், நாமே வெளியே நிற்போம்.

இந்தப் பயத்தில்தான் பலர் சாவியைத் தொடுவதே இல்லை. வேலை பார்த்தவர் கம்பெனி மாறிப் போவார், கான்ஃபிக் பேக்கப் யார் பென்டிரைவிலோ கிடக்கும். சாவி மட்டும் அப்படியே இருக்கும்.

மாற்ற வழி இல்லாமல் இல்லை. ஓ.எஸ்.பி.எஃப். இரண்டாம் பதிப்பின் 1998 ஆவணமான ஆர்.எஃப்.சி. 2328 ஒவ்வொரு சாவிக்கும் ஒரு எண்ணும் நாலு நேரமும் தருகிறது: எப்போதிலிருந்து ஏற்க வேண்டும், எப்போதிலிருந்து அனுப்ப வேண்டும், எப்போது அனுப்புவதை நிறுத்த வேண்டும், எப்போது ஏற்பதை நிறுத்த வேண்டும். முதலில் எல்லா ரூட்டரும் புதுச் சாவியை ஏற்கப் பழக வேண்டும். அப்புறம்தான் அதில் அனுப்ப வேண்டும். பழையதைக் கடைசியில் எடுக்க வேண்டும்.

ரூபாய் நோட்டை நினைத்துப் பாருங்கள். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டுகள் செல்லாது என்றார்கள். மறுநாள் ஏ.டி.எம். மூடல், அதன்பின் பேங்க் வாசலில் நீண்ட வரிசை. 2023 மே 19 அன்று 2000 நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, நோட்டு செல்லும், மாற்ற செப்டம்பர் 30 வரை டைம் என்றது. ஊர் அமைதியாகவே இருந்தது. முதல் முறையைத்தான் நான் லேப்ல செய்தேன்.

பெரிய அளவிலும் இப்படி நடந்திருக்கிறது. இன்டர்நெட்டின் பெயர் முறையான டி.என்.எஸ்.சின் வேர்ச் சாவியை 2017 அக்டோபர் 11 அன்று மாற்றுவதாக ஐகான் திட்டமிட்டது. சில சர்வர்களிடம் புதுச் சாவி போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் தள்ளிவைத்து, சரியாக ஒரு வருஷம் கழித்து 2018 அக்டோபர் 11 அன்று மாற்றியது. அப்போது நம்மூர் வாட்ஸ்அப்பில் "48 மணி நேரம் நெட் இருக்காது" என்று செய்தி பறந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பழையதும் புதியதும் ஒன்றாக இருக்க அத்தனை நாள் கொடுத்ததுதான் காரணம்.

இன்னொரு விஷயம் கடிகாரம். சாவிக்கு நேரம் குறித்துவிட்டு ரூட்டரின் கடிகாரத்தை என்.டி.பி.யில் சேர்க்காமல் விட்டால் பிரயோஜனமில்லை. பேட்டரி இல்லாத பழைய ரூட்டர் சிலது கரண்டு போய் வந்தால் 1993-இல் போய் நிற்கும். அந்தத் தேதியில் நம் சாவி எதுவும் பிறந்திருக்காது. மழைக்காலத்தில் கருங்கல் பக்கம் கரண்டு எத்தனை முறை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த எக்ஸ்பெரிமென்ட்டில் இன்னும் அரை மணி நேரம் சேருங்கள். ஒரு பக்கம் பிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரு பிங்கூட விழாமல் சாவியை மாற்றிக் காட்டினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் நடுவில் ஒரு தடவை ரூட்டரின் பவரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

நாளைக்கு வேலையில் நம் கையில் வரும் நெட்வொர்க்கில் சாவி ஏற்கெனவே யாரோ போட்டுத்தான் வைத்திருப்பார்கள். மாற்றுகிற நாள்தான் நமக்கு வரும். அந்த நாள் முதல் தடவையாக இருக்க வேண்டாம்.