மூடிய கதவு யாரைக் காப்பாற்றியது?

2019 மார்ச் 9. ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாபுடன் ஆடியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில், கோப்பைக்கான போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன் மோதிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனாலும் 43-க்கு 42 என்ற ஒரே புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. அதே பருவத்தில் இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) ஆடிய தமிழ்நாட்டின் இன்னொரு அணியான சென்னையின் எஃப்சி, 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்துப் பட்டியலின் கடைசியில் நின்றது. ஏழு மாதங்கள் கழித்து, அக்டோபரில், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எஸ்.எல். தொடரை இந்தியாவின் முதல்நிலை லீகாக ஏற்றுக்கொண்டது. கடைசியில் நின்ற அணி முதல்நிலையில் இருந்தது. சாம்பியன் அணி, கோப்பையை வென்றும், இரண்டாம் நிலைக்குப் போனது.

இதை நியாயப்படுத்தும் நம்பிக்கை ஒன்று நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நிர்வாகிகள் சொல்கிறார்கள், தொலைக்காட்சி வல்லுநர்கள் சொல்கிறார்கள், ரசிகர்களில் பலரும் நம்புகிறார்கள்: ‘கீழ்நிலைச் சாம்பியனை மேலேற்றி, கடைசி அணியைக் கீழிறக்கும் புரமோஷன், ரெலிகேஷன் எல்லாம் ஐரோப்பாவுக்குச் சரி, இங்கே பணம் போடுகிறவருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும். கீழே தள்ளிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் எவரும் முதலீடு செய்யமாட்டார். கதவை மூடி வைத்தால்தான் லீக் நிலைக்கும், லீக் நிலைத்தால்தான் ஆட்டம் வளரும்.’ கேட்பதற்குப் பொறுப்பான பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு ஏட்டளவில் நிற்கவில்லை. 2014 முதல் 2025 வரை பதினொரு பருவங்கள் நடைமுறையில் இருந்தது. அந்தக் காலம் முழுவதும் ஐ.எஸ்.எல்.லில் இருந்து ஆட்டத்தில் தோற்றதற்காக ஒரு அணிகூடக் கீழிறக்கப்படவில்லை. எனவே கதவை மூடியது எதைக் காப்பாற்றியது என்று இப்போது கணக்குப் பார்த்துவிடலாம்.

முதலில் அணிகளைக் காப்பாற்றியதா? புனே சிட்டி அணி 2019-இல் ஐ.எஸ்.எல்.லை விட்டே போனது. அதன் இடத்தில் ஹைதராபாத் என்ற புதிய அணி வந்தது. அதே ஆண்டு டெல்லி டைனமோஸ் தலைநகரை விட்டுப் புவனேஸ்வருக்குக் குடிபெயர்ந்து ஒடிஷா எஃப்சி ஆனது. 2022-இல் கோப்பையை வென்ற ஹைதராபாத், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்தது. ஐ-லீகிலும் இதே பாடம் உண்டு. பெருநிறுவனங்கள் கட்டணம் செலுத்தி நேரடியாக நுழையலாம், தொடக்க ஆண்டுகளில் அவற்றுக்குக் கீழிறக்கம் கிடையாது என்று அங்கே ஒரு சலுகை இருந்தது. அப்படி 2014-15 பருவத்தில் வந்த புனேயின் பாரத் எஃப்சி கடைசி இடம் பிடித்தது. சலுகை கையில் இருந்தும் ஒரே பருவத்தில் மூட்டை கட்டிக்கொண்டது. இவற்றில் எந்த அணியையும் கீழிறக்கம் வீழ்த்தவில்லை. வருமானத்தை மிஞ்சிய செலவும், ஊரோடு ஒட்டாத இருப்பும்தான் வீழ்த்தின. ஆடுகளத்துத் தோல்வியிலிருந்து காப்பாற்றும் விதி, கணக்குப் புத்தகத்துத் தோல்வியிலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை.

சலுகை ஒருவருக்குக் கொடுத்தால் அதன் சுமை இன்னொருவர் தலையில் விழும் என்பதற்கு மிசோரமின் ஐசால் எஃப்சி சாட்சி. 2015-16 ஐ-லீகில் ஆடிய ஒன்பது அணிகளில் ஐசால் எட்டாவது. ஒன்பதாவதாக வந்த டிஎஸ்கே சிவாஜியன்ஸ் நேரடி நுழைவுச் சலுகையில் வந்த அணி. ஆகவே கடைசி அணி தப்பித்தது. அதற்கு மேலே இருந்த ஐசால் கீழிறக்கப்பட்டது. பிறகு, ஐ-லீகைக் கீழே தள்ளும் திட்டத்தை எதிர்த்து கோவா அணிகள் விலகியபோது இடம் காலியாகி, ஐசாலுக்கு மறுவாழ்வு கிடைத்தது. மறு பருவத்திலேயே, 2017 ஏப்ரல் 30 அன்று, ஷில்லாங் லஜோங்குடன் 1-1 என்று சமன் செய்து, மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தி ஐசால் இந்தியச் சாம்பியனானது. அந்த அணியைப் பயிற்றுவித்த காலித் ஜமீல் 2025-இல் தேசிய அணியின் பயிற்சியாளரானார். எந்த அணி எந்த நிலைக்கு உரியது என்பதை நுழைவுக் கட்டணத்தை வைத்து முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். சென்னையின் எஃப்சி கடைசியாக வந்தும் மறு பருவத்தில் இறுதிப் போட்டிவரை போனதே, கீழிறக்கியிருந்தால் அது நடந்திருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மீட்சிக்குக் காரணம் நடுப்பருவத்தில் பயிற்சியாளரை மாற்றி ஆட்டத்தைச் சீர்செய்தது. அந்த வேலையைக் கீழ்நிலையிலும் செய்யலாம். இங்கிலாந்தின் லூட்டன் டவுன், நிதி விதிமீறல்களுக்காக 30 புள்ளிகள் பறிக்கப்பட்டு 2009-இல் ஐந்தாம் நிலைக்கு விழுந்தது. ஐந்து பருவங்கள் அங்கேயே கிடந்தது. 2014-இல் எழுந்து, 2023-இல் பிரீமியர் லீகை எட்டியது. படிக்கட்டு இருந்ததால் விழுந்தவருக்கும் ஏற வழி இருந்தது. சென்னை சிட்டிக்கு அந்தப் படிக்கட்டே இல்லை. அதுவும் நேரடி நுழைவில் வந்த அணிதான், மறுக்கவில்லை. 2021-க்குப் பிறகு அது ஐ-லீகில் இல்லாமல் போனதற்கு மூடிய கதவு மட்டுமே காரணம் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் வென்றாலும் மேலே போக வழியில்லாத லீகில், எந்த உரிமையாளர் எதை நம்பிப் பணம் போடுவார்? முதலீட்டாளரின் பயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், கீழே இருக்கும் முதலீட்டாளரின் நம்பிக்கையை மட்டும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சிறிய அணிகளிடம் மைதானம், இளையோர் அணி, ஒழுங்கான கணக்கு வழக்கு இல்லையே என்பது இரண்டாவது வாதம். அதற்குத்தான் கிளப் உரிமம் என்ற நடைமுறை இருக்கிறது. நிபந்தனையை முன்னரே அறிவியுங்கள். நிறைவேற்றிய சாம்பியனை மேலே ஏற்றுங்கள், நிறைவேற்றாதவரை நிறுத்துங்கள். தகுதிச் சோதனை வைப்பது வேறு, வாசலையே சுவராக்குவது வேறு. மூன்றாவது வாதம், ஜப்பான்கூடக் கீழிறக்கம் இல்லாத லீகாகத்தானே தொடங்கியது என்பது. உண்மை. 1993-இல் ஜே-லீக் பத்து அணிகளோடு தொடங்கியது. ஆனால் 1999-இல் இரண்டாம் நிலையைத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆண்டிலேயே மேல்நிலையின் கடைசி இரண்டு அணிகள் கீழே இறங்கின. ஆறே ஆண்டுகளில் அவர்கள் கதவைத் திறந்தார்கள். நாம் 2019-இல் ஒரு வழித்திட்டம் போட்டோம்: 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் மேலேறலாம், 2024-25 முதல் கீழிறக்கமும் உண்டு. முதல் பாதி நடந்தது. பஞ்சாப் எஃப்சி 2023-இலும், மொகமதன் ஸ்போர்ட்டிங் 2024-இலும் மேலேறின. இரண்டாம் பாதி ஏட்டோடு நின்றது. 2024-25 பருவம் முடிந்தபோது ஒரு அணியும் இறங்கவில்லை.

அந்தப் பருவம் முடிந்த கையோடு, 2025 ஜூலையில், ஐ.எஸ்.எல்.லின் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியக் கால்பந்துக்காக 2010-இல் கையெழுத்தான வணிக உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியவிருந்தது. அதற்கப்பால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. பதினொரு பருவங்களாக முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக் கட்டிய கோட்டை, ஒரே ஒரு ஒப்பந்தத்தின் காலக்கெடுவில் ஆடிப்போனது. ஊர் ஊராக வேர்விட்ட பல நிலை லீகுகளின் மேல் அது நின்றிருந்தால், ஒரு தாளின் கெடு தேதிக்காக இத்தனை வீரர்களின் சம்பளம் கேள்விக்குறியாகியிருக்காது.

அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்திடம் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. 2019 வழித்திட்டத்தில் அது தானே எழுதிக் கொடுத்த வாக்கைத்தான் கேட்கிறோம். ஐ.எஸ்.எல்.லின் கடைசி அணி இறங்கட்டும். அதற்கு அடுத்த நிலை லீகின் முதல் அணி ஏறட்டும். அதற்கும் கீழே மாநில லீகுகள் வரை இதே விதி ஓடட்டும். கோவையில் அந்த மார்ச் மாதம் பதினொரு பேர் ஆடி வென்றார்கள். அவர்கள் எந்த நிலைக்கு உரியவர்கள் என்பதைச் சொல்லும் அதிகாரம் புள்ளிப்பட்டியலுக்கு மட்டுமே உண்டு.