கப்பலேறுமுன் எங்கே சாப்பிடுவது?

“துறைமுகத்துக்கு அருகில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?” என்று ஒருவர் கேட்டால், அவரைப் பெரும் பணக்காரராகவே நாம் நினைப்போம். உல்லாசக் கப்பலில் ஊர் சுற்றுபவர்கள், கழுத்தில் கெமரா தொங்கவிட்ட வெள்ளைக்காரர்கள் கேட்கும் கேள்வி அது. மலையில் பிறந்து மழையில் வளர்ந்த ஹட்டன் பிள்ளைகளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். என் கருத்து வேறு. இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இலங்கையில் வேறு எவரையும் விட மலையகத்தவருக்கே அதிகம். ஒரு துறைமுகம் யாருக்காக இயங்குகிறது என்பதை அறிய, அதன் வாசலில் ஏழைப் பயணிக்கு என்ன சாப்பாடு கிடைக்கிறது என்று பார்த்தாலே போதும்.

முதலில் உலகத்தைப் பார்ப்போம். இஸ்தான்புல் நகரில் எமினோனு படகுத்துறை இருக்கிறது. அங்கே சுட்ட மீனைப் பாணுக்குள் வைத்து, வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து விற்பார்கள். அதற்கு எதிர்க்கரையில்தான் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம். வேலை முடிந்து படகுக்கு ஓடும் தொழிலாளியும் கப்பலிலிருந்து இறங்கிய செல்வந்தரும் அதே மீன் பாணைத்தான் கையில் பிடித்திருப்பார்கள். சிங்கப்பூர் அரசு தெருவோர வியாபாரிகளைத் துரத்திவிடவில்லை. தண்ணீரும் சுத்தமும் உள்ள பொதுக் கூடங்களை அமைத்து அவர்களை அங்கே குடியமர்த்தியது. அந்த உணவுக்கூடப் பண்பாட்டை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இந்த இரு நகரங்களிலும் துறைமுகத்துச் சாப்பாடு மலிவானது, உள்ளூருக்குரியது, எல்லோருக்கும் பொதுவானது.

இனி நம் கதைக்கு வருவோம். நமது நாட்டிலும் கப்பற்பயணம் ஏழைகளின் பயணமாகவே தொடங்கியது. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். வாந்திபேதியும் அம்மையும் கடல் கடக்கக் கூடாது என்பதற்காக அங்கே மருத்துவப் பரிசோதனை நடந்தது, சாப்பாடும் அங்கேதான். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ‘போட் மெயில்’ ஓடத் தொடங்கியது. சென்னையில் ரயிலேறித் தனுஷ்கோடியில் இறங்க வேண்டும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு மீண்டும் ரயிலில் கொழும்பு. ஒரே பயணச்சீட்டில் இரண்டு நாடுகள்! 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. அதன் பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடியது. 1984ஆம் ஆண்டளவில் போர்ச் சூழலில் அதுவும் நின்றுபோனது.

இடையில் நடந்ததை எங்கள் ஊர் மறக்காது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974ஆம் ஆண்டு இன்னொரு ஒப்பந்தத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரைப் பங்கிட்ட கணக்கு அது. மலைநாட்டிலிருந்து கோச்சியேறியவர்கள் பொல்காவலையிலும் மாகோவிலும் மதவாச்சியிலும் பாதை மாறித் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனார்கள். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுததால், மக்கள் அதற்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கீழே என் உம்மும்மாவின் குடும்பத்துக்கு ஒரு சிறிய தேத்தண்ணிக் கடை இருந்தது. கோச்சி நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டுவார்களாம். கோதுமை மா ரொட்டியைச் சற்றுத் தடிப்பாகத் தட்டிச் சுட்டு, மாசி இடித்த கட்டச் சம்பலோடு வாழையிலையில் வைத்து, மேலே கடதாசி சுற்றிக் கட்டுவார்கள். தலைமன்னார் வரை கெடாமல் இருப்பதற்காகத் தேங்காய்ப்பூச் சேர்க்காமல் சுடுவார்கள். “சாப்பிட வந்தவங்கள விட, கணக்குத் தீர்க்க வந்தவங்கதான் மகள் கூட” என்று உம்மும்மா சொல்வார். நாட்டைவிட்டே போகிறவர்கள், கடன் கொப்பியில் எழுதியிருந்த பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் கோச்சியேறினார்கள். காசில்லாதவர்கள் சட்டி பானையைக் கொண்டுவந்து வைத்தார்களாம். கொடுத்த ரொட்டியை எவரும் அங்கே பிரித்துச் சாப்பிட்டதை அவர் கண்டதில்லை. தொண்டைக்குள் இறங்கினால்தானே!

இந்தப் பழங்கதையை இப்போது சொல்லக் காரணம் உண்டு. கப்பல் மீண்டும் ஓடுகிறது. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட ஓர் உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கும் வந்து போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் முதன்முதலாகப் பயணித்தது. சில நாட்களில் நின்ற அந்தச் சேவை, 2024 ஓகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. கடல் தூரம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். நாலு மணித்தியாலமளவில் கடந்துவிடலாம். மாரிக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் சேவை இடைநிறுத்தப்படுவதும் உண்டு.

உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்குச் சாப்பாடு ஒரு பிரச்சினையே அல்ல. கப்பலுக்குள்ளேயே வேளைக்கொரு விருந்து இருக்கும். இந்தச் சிறிய கப்பலில் போகிறவர்கள் அப்படியானவர்கள் அல்லர். சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள லயத்திலிருந்து ஒரு பாட்டி, உம்மும்மாவைத் தேடி வந்தார். எழுபதுகளில் பிரிந்துபோன அவருடைய அக்கா கோத்தகிரியில் இருக்கிறாராம். தாயகம் திரும்பியோருக்காகவே தமிழ்நாடு அரசு ‘டான்டீ’ தேயிலைத் தோட்டங்களை அமைத்த நீலகிரிப் பக்கம் அது. “ஒரு தடவ கண்ணால பார்த்துட்டு வந்துடணும் தங்கச்சி. கப்பல்ல போனா என்னத்த கட்டிக்கிட்டுப் போறது? எங்க சாப்புடுறது?” என்று கேட்டார். அவருக்கு நீரிழிவு வேறு. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அன்றுதான் இந்தக் கேள்வியின் கனம் எனக்கு விளங்கியது. நாகூர் தர்காவுக்குப் போகும் எங்கள் சமூகத்துப் பெரியவர்கள், வைத்தியத்துக்குப் போகிறவர்கள், மேற்படிப்புக்குப் போகும் அக்காமார் எல்லோருக்கும் இதே கேள்விதான்.

எனவே தெரிந்ததைச் சொல்கிறேன். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய், அங்கிருந்து ஏ9 பாதையில் 321 கிலோமீற்றர் பயணித்தால் யாழ்ப்பாணம். காங்கேசன்துறை அங்கிருந்து இன்னும் 18 கிலோமீற்றரளவு வடக்கே. இரவுப் பயணம் செய்து களைத்து வருகிறவர்கள் நேரே துறைமுகத்துக்கு ஓடாமல், யாழ் நகரில் முகம் கழுவிச் சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது. பேருந்து நிலையத்தின் பக்கத்தில் மலாயன் கஃபே என்ற பழைய சைவ உணவகம் இருக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர் போனது. திருநெல்வேலியில் ‘அம்மாச்சி’ இருக்கிறது. ஹலால் இறைச்சி வேண்டுமென்றால் ஐந்து சந்திப் பக்கம் போகலாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட இடம் அது. நம் மலையகத்தவரைப் பங்கிட்ட ஒப்பந்தமும் அதே திகதியில் கைச்சாத்தானது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. திரும்பி வந்தவர்கள் அங்கே மீண்டும் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்றால், அது வெறும் வியாபாரச் செய்தி அல்ல. அங்கே ஒரு நேரம் சாப்பிடுவதும் ஒருவகை ஆதரவுதான்.

எங்கே என்பதைப் போலவே என்ன, எப்போது என்பதும் முக்கியம். புரியாணி சாப்பிட்டுவிட்டுக் கப்பலேறினால் கடலே அதைத் திருப்பிக் கேட்கும்! எண்ணெயும் காரமும் குறைந்த சாப்பாட்டை, புறப்பட இரண்டு மணித்தியாலத்துக்கு முன் அளவாகச் சாப்பிட வேண்டும். இடியப்பமும் சொதியும், இட்டலி, வாழைப்பழம் ஆகியவை வயிற்றுக்கு இதமானவை. வெறும் வயிறும் ஆகாது. அப்போதுதான் தலைசுற்றல் கூடும். கையில் ஒரு துண்டு இஞ்சியோ சுக்கோ, உப்பு பிஸ்கட்டும், தண்ணீர்ப் போத்தலும் இருக்கட்டும். சமைத்த இறைச்சி, பழம், விதை போன்றவற்றை அடுத்த நாட்டுக்குள் கொண்டுபோகச் சுங்கக் கட்டுப்பாடுகள் இருக்கும். ஆகவே கட்டுச்சோற்றை இக்கரையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அக்கரையில் இறங்கியதும் கவலையில்லை. நாகூர் பக்கத்திலேயே இருக்கிறது. இறால் வைத்துப் பொரிக்கும் ‘வாடா’வை அங்கே ஒருமுறையாவது சுவைக்க வேண்டும்.

ஆனால் பயணிகளுக்கு அறிவுரை சொல்வதோடு இந்த விடயம் முடியக்கூடாது. இத்தனையையும் ஒரு முதிய தோட்டத் தொழிலாளி தனியே விசாரித்து அறிய வேண்டுமா? கடல்வழியைத் திறக்கும்போது கடவுச்சீட்டுக்கு ஒரு மேசை, சுங்கத்துக்கு ஒரு மேசை, பொதி நிறுக்க ஒரு தராசு என்று எல்லாவற்றையும் யோசிக்கிறோம். அந்த வரிசையில் ஓர் அடுப்பையும் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம். துறைமுக வாயிலிலேயே, சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியான விலையில், சுத்தமான ஓர் உணவகம் இருக்க வேண்டும். அதனருகே குடிநீர், பெண்களுக்கான மலசலகூடம், குழந்தைக்குப் பாலூட்ட ஒரு மறைவிடம், தொழுவதற்கு ஓர் அறை இருக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல.

இதற்கு முன்மாதிரியைத் தேடிச் சிங்கப்பூருக்குப் போக வேண்டியதில்லை, வடக்கிலேயே இருக்கிறது. மேலே சொன்ன ‘அம்மாச்சி’ வடமாகாண விவசாயத் திணைக்களம் தொடங்கிய உணவகம். யாழ்ப்பாணத்தில் மட்டுமன்றி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு முதலிய இடங்களிலும் இயங்குகிறது. சமைப்பவர்களும் விற்பவர்களும் பெண்களே. போரிலே குடும்பத் தலைவரை இழந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். கண் முன்னாலேயே தோசையும் அப்பமும் வார்க்கிறார்கள். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, வடை, பழச்சாறு எல்லாம் குறைந்த விலையில். முழுக்க மரக்கறிச் சாப்பாடு என்பதால் இந்துவும் முஸ்லிமும் பௌத்தரும் கிறிஸ்தவரும் தயக்கமின்றி ஒரே வாங்கில் அமரலாம். காங்கேசன்துறை இறங்குதுறையில் அப்படியான ஓர் அடுப்பு எரியட்டும். தலைமன்னாருக்குப் புகையிரதம் 2015 மார்ச்சிலிருந்து மீண்டும் போகிறது; இராமேஸ்வரக் கப்பலும் என்றாவது மீண்டும் ஓடினால், முதலில் திறக்க வேண்டியது அங்கேயும் ஓர் அம்மாச்சியைத்தான். அந்த ஊர்ப் பெண்களுக்கு வருமானம். பயணிக்கு வயிறு குளிரும் சாப்பாடு.

“நாலு மணித்தியாலப் பயணத்துக்கு இவ்வளவு ஆரவாரமா? வீட்டிலிருந்து ரெண்டு பார்சல் கட்டிக்கொண்டு போனால் முடிந்தது” என்று சிலர் சொல்லக்கூடும். கடலில் இருப்பதுதான் நாலு மணித்தியாலம். ஹட்டனிலிருந்து புறப்பட்டவருக்கு முந்தின நாளே பயணம் தொடங்கிவிடுகிறது. கரையில் பரிசோதனைக்கும் முத்திரைக்கும் காத்திருக்கும் நேரம் தனி. அதற்குள் பார்சல் சோறு புளித்துவிடும். அந்த வயிற்றோடு கடலேறும் குழந்தையையும் கர்ப்பிணியையும் நீரிழிவுக்காரரையும் எண்ணிப் பாருங்கள். கட்டுச்சோறு நம் வழக்கம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. கட்டுச்சோறு இல்லாவிட்டால் பட்டினி என்ற நிலையைத்தான் மறுக்கிறேன்.

இன்னும் சிலர், உணவகம் திறந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏற்ற உயர்தரமானதாக இருக்க வேண்டும் என்பார்கள். அதுவும் வரட்டும், தடையில்லை. ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள் நுழையத் தயங்கி, வெளியே பொதியின்மேல் குந்தியிருக்கும் பாட்டியை யார் கூப்பிடுவது? முதல் கடை அவருக்குரியதாக இருக்கட்டும்.

தோழியரே, விடுமுறையில் உங்கள் வீட்டு உம்மும்மாமாரிடமும் அயலிலுள்ள பாட்டிமாரிடமும், தலைமன்னார் கப்பலேறப் போனவர்கள் என்ன கட்டிக்கொண்டு போனார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இன்னும் பத்து வருடத்தில் கேட்பதற்கு ஆளிருக்காது. பெற்றோர்களே, உங்களில் கடல்வழி போய்வந்தவர்கள் அங்கே கண்ட குறையையும் நிறையையும் உரிய திணைக்களங்களுக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அன்று எங்கள் ஊரார் ரொட்டிப் பார்சலைப் பிரிக்காமலே கப்பலேறினார்கள். திரும்பி வரும் பயணச்சீட்டு அவர்களுக்கு இருக்கவில்லை. இன்று போகிறவர்கள் உறவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரப் போகிறவர்கள். அவர்கள் அமர்ந்து நிம்மதியாகச் சாப்பிட ஒரு வாங்கும், சுடச்சுட ஒரு தோசையும், சீனி போடாத ஒரு கோப்பைத் தேநீரும் துறைமுக வாசலில் கிடைக்க வேண்டும். அந்தத் தேயிலை எங்கள் மலையிலிருந்து போனதாகவே இருக்கும்.